கடற்கரை வீடு மலையேறியது

பாறையில் முளைக்குச்சி இறங்காது. அதனால்தான் வீட்டுக்கு அளவுக்கோடு போடச் சுண்ணாம்பு. சுண்ணாம்புத் தூள் நிறைந்த தகரக் குவளையை ருக்குமணியின் கையில் கொடுத்துவிட்டு, குழந்தைசாமி ஆட்கள் தூக்கி வந்த டோலியை விட்டு இறங்காமலே உத்தரவு போட்டார்.

"கோட்டைப் போடு கண்ணு. வெயில் ஏறுது."

வளப்பூர் நாட்டு மலையின் விளிம்பில் படுத்திருந்த அந்தப் பாறைதான் ஊரின் களம். பெண்கள் வரிசையாக நின்று கேழ்வரகுக் கதிரைத் தடியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களுக்காக ஒருத்தியும் நகரவில்லை.

குழந்தைசாமி சேலத்து நூல் வியாபாரி. ருக்குமணிக்குத் தூரத்துப் பெரியப்பா முறை. மதராசில் என்ஜினீயர் படிப்பு முடித்தவளுக்கு வேலை கொடுக்க எந்தக் கம்பெனிக்கும் மனசு வரவில்லை. கடைசியில் ஒரு கம்பெனியில் படம் வரைய மட்டும் உட்கார வைத்தார்கள். போன வருஷம் கடலூர்ப் பக்கம் இவருக்கு ஒரு கடற்கரை வீடு வரைந்தாள். படத்தில் அவள் பேர் இல்லை, கம்பெனிக்காரன் பேர்தான். இந்த வீட்டில் உன் பேரையே போடறேன் என்று பெரியப்பா சொல்லித்தான் மலையேறி வந்தாள். அவர் கையில் அதே கடற்கரைப் படம்.

"அங்க கடலப் பாத்து உக்காந்தேன். இங்க பள்ளத்தப் பாத்து உக்காருவேன். அதே வராந்தா, அதே கண்ணாடி. இதுல உனக்கென்ன கஷ்டம்?"

"அங்கயும் மீன்காரங்க வலை காயப்போடற எடந்தான் வேணும்னீங்க. நாந்தான் மணல்மேட்டுக்குப் பின்னால தள்ளி வரைஞ்சேன். மறந்து போச்சுங்களா பெரியப்பா?"

"வந்தவனெல்லாம் வீட்டப் பாத்துப் பாராட்டுனான், நான் வாயை மூடிக்கிட்டேன். இன்னைக்கு மூட மாட்டேன்."

ருக்குமணி சரிவைக் காட்டினாள். ஊர் வீடுகள் எல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டிப் பள்ளத்தில் பதுங்கியிருந்தன. கூரைப்புல் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. "அந்தப் பலா மரத்தடியில அதே மாதிரி கட்டலாங்க. மண்சுவர், புல்லுக்கூரை. பாறையில கட்டுனா ஆடிக் காத்துக்கு ஒரு ஓடு நிக்காது."

"மலைக்காரங் குடிசையில குனிஞ்சு நுழையறதுக்கா சர்க்கார்ல அலைஞ்சு சிமெண்டு பர்மிட் வாங்கியாந்தேன்?"

களத்தில் ஒரு தடி நின்றது. கதிரடித்துக்கொண்டிருந்த அத்தாயி நெற்றி வியர்வையை வழித்தாள். "ஏனுங்க, அந்தப் புள்ள சுண்ணாம்பு கொண்டாந்திருக்குது. ஊருகிட்ட எடங் கேக்கற வெத்தல ஆரு கையிலீங்க?"

பெண்கள் சிரித்தார்கள். ருக்குமணிக்கு முகம் எரிந்தது. தன்னையும் இந்த ஆளோடு சேர்த்துத்தான் சிரிக்கிறார்கள்.

குழந்தைசாமி கை காட்டினார். அவரோடு வந்த கடப்பாரைக்காரர்கள் நாலு பேர் பாறைமேல் ஏறினார்கள். தடிகள் நிற்கவில்லை, இன்னும் ஓங்கி விழுந்தன. முன்னால் வந்தவனின் காலடியில் ஒன்று இறங்க, அவன் துள்ளிப் பின்வாங்கினான். இன்னொருவன் கடப்பாரையைத் தோளுக்கு உயர்த்தினான்.

"நில்லுங்க!" ருக்குமணி நடுவே புகுந்தாள். "கோடு நான் போடறேன்."

பெண்களைத் தாண்டி, பாறையை விட்டு இறங்கி, பலா மரத்தடிக்குப் போனாள். சுண்ணாம்பைத் தூவி நேராக ஒரு கோடு போட்டாள். "வீடு இங்கதானுங்க."

"நாஞ்சொன்ன எடம் அதில்ல."

"நான் கட்டற எடம் இதுதான்."

"அப்ப நீ கட்ட வேண்டாம்." அவர் படத்தைச் சுருட்டினார். "பொட்டப் புள்ளயப் படிக்க வெச்சா இப்படித்தான்."

"ஆரும் வெக்கல. நானாத்தான் படிச்சேன்."

"தை பொறக்கட்டும். வேற இஞ்சினீரோட வாரேன்." டோலி எழும்பியது. கடப்பாரைக்காரர்கள் பின்னாலேயே இறங்கினார்கள். அவள் பேர் போட இருந்த வீடும் அவர்களோடு இறங்கிப் போனது.

நன்றி சொல்ல ஒருத்தியும் வரவில்லை. அத்தாயி மட்டும் வந்து கோட்டைப் பார்த்தாள்.

"பலாவுக்கடியில கோடு போட்டயே, இது ஆரு பலான்னு கேட்டயா?"

ருக்குமணி கேட்கவில்லை. குவளையை எறிந்துவிட்டு, வெடுக்கென்று காலால் கோட்டைத் தேய்த்தாள். "போதுமா?"

"அட, கோவத்தப் பாரு. செரி, தையில வாரவன் என்ன கேப்பான்? அதச் சொல்லு."

"தண்ணி எங்கன்னு கேப்பான். தண்ணியில்லாம சிமெண்டக் குழைக்க முடியாது. பாறை மேல நின்னு பாத்தா உங்க ஊத்து தெரியாது, இங்க நின்னாத்தான் தெரியுது. ஆரும் காட்டாதீங்க."

"உனக்குத் தெரியுமே புள்ள. அவன் உங்கிட்டக் கேட்டான்னா?"

"நான் பாக்கலைன்னு சொல்லுவேன்."

அத்தாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வெயிலில் வறண்டுபோன அந்த உதட்டையும் பார்த்தாள்.

"வா. குடிக்கறதுக்கு மட்டும் பாத்துக்க" என்று ஊற்றுப் பக்கம் முன்னால் நடந்தாள்.