ஜீரோ காட்டிய தண்ணீர்

சோதனைக் குழாயைத் துடைக்கிற கர்ச்சீப்பாலேயே கழுத்து வியர்வையையும் துடைப்பார் எங்கள் லேபின் ஏசுதாஸ் அண்ணன். பார்த்தாலே எனக்குக் குமட்டும். குழாயில் விரல் ரேகை பட்டால்கூட நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் தப்பாகக் காட்டும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். யார் கேட்டார்கள்? செங்கல்பட்டில் தண்ணீர் பரிசோதனை என்று போர்டு மாட்டினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பது முதலாளி மோசஸ் சாரின் நம்பிக்கை.

என் மகள் ரூத்துக்கு இரண்டு வயது. ஒரு மாதமாக வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள் என்றார் டாக்டர். வீட்டுக் கேனிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு லேபுக்கு வந்தேன். சாக்கடை கலந்திருந்தால் அமோனியா இருக்கும். மருந்து விட்டதும் மஞ்சள் ஏறும். ஏறியது. ஆனால் மீட்டரில் ஜீரோ.

“மருந்து பழசும்மா, அதான் மஞ்சளா கீது. எல்லாத்துக்கும் இப்டித்தான் வருது,” என்றார் ஏசுதாஸ் அண்ணன்.

மீட்டருக்கு முதலில் காய்ச்சி வடித்த தண்ணீரில் மருந்து விட்டுக் காட்டி, இதுதான் ஜீரோ என்று பழக்க வேண்டும். அதை பிளாங்க் என்போம். அந்தத் தண்ணீர் இருக்கும் வெள்ளைக் கேனைத் திறந்து பார்த்தேன். உள்சுவரில் வழவழவென்று பாசி.

“இதுல இன்னா தண்ணிண்ணா ஊத்துறீங்க?”

“வடிக்கிற மெஷினு ரிப்பேராயி எவ்ளோ நாளாச்சு. நாம குடிக்கிற கேன் தண்ணியத்தான் ஊத்திகினு கீறேன். அதுவும் சுத்தமான தண்ணிதானே.”

லேபுக்கும் என் வீட்டுக்கும் கேன் போடுவது ஒரே ஆள், படாளம் சின்னராசு. அவன் தண்ணீரை அவன் தண்ணீரோடேயே ஒப்பிட்டால் ஜீரோ வராமல் வேறென்ன வரும்? காலையில் அதைத்தான் ரூத்துக்குப் புகட்டிவிட்டு வந்திருந்தேன்.

பேட்டரி கடைக்குப் போய் வடித்த தண்ணீர் வாங்கிவந்தேன். புதுக் குழாய்களை அதிலேயே அலசி, புதுத் துணியால் துடைத்து, பிளாங்க் வைத்தேன். அதே மருந்து விட்டும் தெளிவாக நின்றது. பக்கத்தில் வீட்டுத் தண்ணீர் மூத்திரம்போல் மஞ்சளாக இருந்தது. மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது.

மோசஸ் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். வராந்தாவுக்குப் போய் மனைவிக்குப் போன் போட்டார். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

“ரெபேக்கா, கேன் தண்ணிய கீழ ஊத்திடு. பசங்களுக்கு ஒரு வாய்கூட குடுக்காத.”

உள்ளே வந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“சிறுசேரி ஹாஸ்டலுக்கும் சின்னராசு தண்ணிதான் போவுது. சாயங்காலம் ரிப்போர்ட் குடுக்கணும். பழைய பிளாங்க்கே வெச்சி போட்டுடும்மா. இல்லாட்டி சின்னராசு வேற லேபுக்குப் போய்டுவான்.”

சீ என்று வந்தது எனக்கு. ஏசுதாஸ் அண்ணனின் கர்ச்சீப் எவ்வளவோ தேவலாம்.

லேப் கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து அவர் முன்னால் வைத்தேன்.

“இத குடிங்க சார். பழைய பிளாங்க்கே வெச்சி போட்டுட்றேன்.”

டம்ளரைப் பார்த்தார். ஏசுதாஸ் அண்ணனைப் பார்த்தார். கை நீளவில்லை.

மீட்டர் காட்டிய எண்ணை ஹாஸ்டல் வார்டனுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். மோசஸ் சார் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டம்ளர் அப்படியே இருந்தது.