வெடிப்பதற்கு ஐந்து விநாடி முன்பு

தொழிற்சாலையின் இரும்பு கேட் படாரென்று சுவரில் போய் மோதியது. அடுத்த நொடியே காவலாளி அறையின் ஜன்னல் கண்ணாடி சிதறும் சத்தம்.

"எங்கடா அந்த ஃபிட்டரு? ஆம்பளையா இருந்தா வெளிய வாடா!"

சோதனைக் கூடத்தில் மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்த கேமராக்காரி விருட்டென எழுந்தாள். எட்டிப் பார்க்காமலே ஆள் யாரென்று தெரிந்தது. செத்துப்போனவனின் தம்பி. லாரி ஓட்டுகிறவன். ஒன்பது நாளாகக் குடிப்பதும் அழுவதுமாக இருந்தவன், இன்று கிளம்பி வந்துவிட்டான்.

அவன் தேடி வந்த ஃபிட்டர் அவளுடைய கூடப் பிறந்த அண்ணன். அவள் பக்கத்திலேயே நின்று, மிச்சமான ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கையிலிருந்த ஒயர் நழுவித் தரையில் விழுந்தது.

ஒன்பது நாளுக்கு முன்பு, காலை ஷிப்ட் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில், இரும்பைத் தேய்க்கும் கிரைண்டிங் வீல் ஒன்று ஓட்டத்திலேயே வெடித்தது. அதில் வேலை செய்துகொண்டிருந்தவனைப் பெரியகை என்று கூப்பிடுவார்கள். அவன் ஒரு அறை விட்டால் வாங்கியவனுக்கு ஒரு வாரம் காது கேட்காது. அந்தப் பெரியகையின் கழுத்தில், தட்டு அளவுத் துண்டு ஒன்று பாய்ந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. அந்த வீலை மாட்டியவன் அவளுடைய அண்ணன்.

மாட்டியவன் தப்பா, வாங்கிய மேனேஜர் தப்பா? அதைக் கண்டுபிடிக்கத்தான் இன்றைய சோதனை. அதே பெட்டியில் மிஞ்சியிருந்த இன்னொரு வீலை இரும்புக் கூண்டுக்குள் சுற்ற விடுவார்கள். குறித்த வேகத்துக்குக் கீழேயே அது உடைந்தால் சரக்கு மட்டம். மலிவு விலைக்கு வாங்கிப் போட்ட மேனேஜர் மாட்டுவார். உடையாவிட்டால் அண்ணனுக்குச் சிறை.

"குற்றம் சாட்டப்பட்டவரோட தங்கச்சியே படம் எடுக்கறதா?" என்று விசாரணை அதிகாரி காலையில் இழுத்தார்.

"இந்தக் கேமராவை ஓட்டத் தெரிஞ்ச ஆள் இங்க நான் ஒருத்திதான் சார். கேமராவுக்கு அண்ணன் தம்பி எல்லாம் கிடையாது" என்றாள். அவர் ஒப்புக்கொண்டார்.

பிறகு அவர் பார்த்துக்கொண்டிருக்கவே வேலையைத் தொடங்கினாள். முக்காலியின் கால்களில் மணல் பைகளை வைத்து அசையாமல் நிறுத்தினாள். கூண்டில் ஒரே ஒரு சின்ன ஜன்னல். கை தடிமனுக்குப் பிளாஸ்டிக். அதோடு லென்ஸை ஒட்டி வைத்து, வெளி வெளிச்சம் புகாதபடி கறுப்புத் துணியால் மூடினாள். கேமராவிலிருந்து மடிக்கணினிக்கு ஒரு நீலக் கேபிள். விநாடிக்கு ஐயாயிரம் படம் என்று கணினியில் தட்டியதும் திரை இருண்டது. இந்த வேகத்துக்கு வெயிலே பற்றாது. கூண்டுக்குள் மேல் மூலைகளில் இருந்த இரண்டு விளக்குகளையும் போட்டாள். வீலின் மேல் வட்டமாக அச்சடித்திருந்த வெள்ளை எண்கள் திரையில் பளிச்சென்று வந்தன. கடைசியாக மோட்டார் அடியில் ஒரு மைக்கை ஒட்டினாள்.

"வெடிக்கப் போகுதுன்னு முன்கூட்டியே எப்படித் தெரியும்? பட்டனை எப்ப அமுக்குவே?" என்று கேட்டார் அதிகாரி.

"பட்டனே கிடையாது சார். இது சும்மா பாத்துக்கிட்டே இருக்கும். புதுசைப் பாக்கப் பாக்கப் பழசை அழிச்சிடும். மைக்ல பெரிய சத்தம் விழுந்துச்சுன்னா, அதுக்கு முந்தின அஞ்சு விநாடியையும் பிந்தின ஒரு விநாடியையும் அப்படியே பூட்டி வச்சுக்கும்."

"எங்க வீட்டுக்காரி மாதிரி" என்றார் அதிகாரி. "சண்டை வர்ற வரைக்கும் சும்மா பாத்துக்கிட்டே இருப்பா."

வேறொரு ஃபிட்டர் வீலைக் கழற்றித் தூக்கிப் பிடித்து, மரச் சுத்தியால் மெல்லத் தட்டிக் காட்டினான். விரிசல் இருந்தால் சத்தம் மொத்தென்று வரும். இது மணிபோல் கணீரென்றது. அவனே அதை மறுபடி கூண்டுக்குள் மாட்டினான். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு, மேனேஜரின் அறைக்கு மாடியேறினார். அதற்குப் பிறகுதான் அண்ணன் உள்ளே வந்தான்.

"இதை எங்க ஆன் பண்ணணும் பாப்பா?"

"அதெல்லாம் அதிகாரி வந்தப்புறம். நீ எதையும் தொடாம இரு, அது போதும்."

விளக்குகள் சூடேறி ஒரே சீரான வெளிச்சத்துக்கு வரப் பத்து நிமிடம் ஆகும். கேமராவையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று காத்திருக்கும் நிலையில் விட்டிருந்தாள். அப்போதுதான் கேட் சுவரில் மோதியது.

"கூண்டுக்குள்ள போண்ணா!"

"அதுக்குள்ளயா?"

"கால் அங்குலத் தகடு. அவனால ஒண்ணும் புடுங்க முடியாது. போ!"

அண்ணனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

லாரிக்காரன் வந்துவிட்டான். கையில் லாரி டயர் கழற்றும் இரும்புக் கம்பி. பின்னாலேயே காவலாளி, நெற்றியில் வழியும் ரத்தத்தைத் துடைத்தபடி, "தம்பி, வேணாம்ப்பா... தம்பி" என்று கெஞ்சிக்கொண்டு வந்தார். லாரிக்காரன் திரும்பிப் பாராமலே முழங்கையால் ஓர் இடி விட்டான். காவலாளி நாற்காலியோடு சேர்ந்து சரிந்தார்.

"நகரு."

"மாட்டேன்."

"உங்கண்ணனைக் கட்டிக் காப்பாத்தறியா? பத்து நாளைக்கு முன்னாடி சாப்பாட்டுக் கூடத்துல எங்கண்ணன்கிட்ட அறை வாங்கினானே, தெரியுமா உனக்கு? அத்தனை பேரும் சிரிச்சாங்க. மறுநாளே வீல் வெடிக்குது. நாங்க என்ன காதுல பூ வச்சவங்களா?"

"உங்கண்ணன்கிட்ட அறை வாங்காதவன் இந்தக் கம்பெனியில யாருடா? எல்லாருமா கொலை பண்ணாங்க? எலிப்பொறியில மாட்டின எலியைக்கூடத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வர்ற ஆளு அவன்!"

அவன் அவளுடைய கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்து வீசினான். சுவரில் மோதி விழுந்தாள். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. தாழ்ப்பாளைக் கவனிக்கிற நிதானம் அவனிடம் இல்லை. கம்பியை இரண்டு கையாலும் ஓங்கிக் கதவை விளாசத் தொடங்கினான்.

டங்! டங்! டங்!

ஒவ்வோர் அடிக்கும் கூண்டே அதிர்ந்தது. தகடு குழிந்தது. மேஜைமேல் பேனாக்கள் குதித்தன. அவள் தவழ்ந்துபோய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் உதைத்தான். விலா எலும்பில் விழுந்தது. மூச்சு நின்று வந்தது. பிடியை மட்டும் விடவில்லை.

"நிறுத்துய்யா!"

மாடிப்படியில் விசாரணை அதிகாரி. அவருக்குப் பின்னால், பாதுகாப்பான தூரத்தில் மேனேஜர்.

"இன்னும் அரை மணி நேரம் பொறு. வீல் உடையலேன்னா, உள்ள இருக்கற ஃபிட்டரைப் போலீஸ்ல ஒப்படைக்கறது என் பொறுப்பு. அதுக்குள்ள இவரைக் கொன்னுட்டா, உங்கண்ணன் எப்படிச் செத்தான்னு உனக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. யோசிச்சுக்க."

லாரிக்காரனின் கை தளர்ந்தது. கம்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தான். சின்னப் பிள்ளை மாதிரி புறங்கையால் மூக்கைத் துடைத்தான்.

கேமராக்காரி தாழ்ப்பாளைத் திறந்தாள். அண்ணன் வியர்வையில் தொப்பலாக நனைந்து வெளியே வந்தான். அதிகாரி முகத்தைச் சுளித்து, கதவருகே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். வீல் மாட்டியது மாட்டியபடி இருந்தது. "சரி, மூடு" என்றார்.

அவள் மடிக்கணினியைப் பார்த்தாள். 'பதிவு 1 முடிந்தது' என்று காட்டியது. கதவில் கம்பி விழுந்த சத்தத்துக்குக் கேமரா தானாகவே பூட்டிக்கொண்டுவிட்டது போல. இருக்கட்டும். எதையும் சேமிக்காமல் அழிக்கக் கூடாது என்பது அவளுடைய பத்து வருடப் பழக்கம். திறந்து பார்க்காமலே சேமித்துவிட்டு, கேமராவை மறுபடி காத்திருக்க வைத்தாள்.

மோட்டார் ஓடத் தொடங்கியது. குறித்த வேகம், நிமிடத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூறு சுற்று. மேனேஜர் எண்களை உரக்கப் படித்தார். "ஆயிரம்... ஆயிரத்து இருநூறு... பாத்தீங்களா சார், வெண்ணெய் மாதிரி ஓடுது. சரக்குல ஒரு குறையும் இல்ல. ஆயிரத்து நானூறு..."

அவருக்கு அடுத்த எண்ணைப் படிக்கக் கொடுத்து வைக்கவில்லை.

குண்டு போட்டதுபோல் வெடித்தது. கூண்டின் ஒரு பக்கத் தகடு வெளிப்பக்கமாகப் புடைத்தது. கூரையிலிருந்து தூசி மழையாகக் கொட்டியது. எல்லோரும் தரையில் கவிழ்ந்துகிடந்தார்கள்.

அவள்தான் முதலில் எழுந்தாள். 'பதிவு 2 முடிந்தது.' பதிவை ஓடவிட்டாள். எல்லோரும் திரையைச் சுற்றி நெருக்கி நின்றார்கள்.

கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்தது இப்போது ஒரு நிமிடம் நீண்டது. வீல் சோம்பேறித்தனமாகத் திரும்பியது. நடுவிலிருக்கும் இரும்புத் தட்டின் ஓரத்தில், மூன்று என்ற எண்ணை ஒட்டி, முடி போல ஒரு வெள்ளைக் கோடு கிளம்பியது. அது ஊர்ந்தது, கிளைவிட்டது, விளிம்பைத் தொட்டது. வீல் நான்காகப் பிரிந்து, நான்கு பக்கமும் பறந்தது.

"பாதி வேகம்தான் தாண்டியிருக்கு" என்றார் அதிகாரி மெல்ல. "இதையா வாங்கி மாட்டச் சொன்னீங்க?"

"சார், சர்டிபிகேட் எல்லாம் இருக்கு சார்... நான்..."

மேனேஜர் முடிக்கவில்லை. கம்பியின் முதல் அடி அவர் தாடையில் விழுந்தது. இரண்டு பற்கள் தெறித்து மடிக்கணினியின் விசைகள்மேல் விழுந்தன. அவர் மேஜையைப் பிடிக்கப் பார்த்தார். இரண்டாவது அடி அந்தக் கையில். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"மலிவா கெடச்சுதுன்னு வாங்கினியா? எங்கண்ணன் உசுரும் மலிவாடா உனக்கு?"

மூன்றாவது, நான்காவது அடி எங்கே விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை. அதிகாரியும் காவலாளியும் அவன்மேல் பாய்ந்து அமுக்கியபோது, மேனேஜர் குரல் எழுப்புவதையே நிறுத்தியிருந்தார். ஒரு கண் இருந்த இடத்தில் ரத்தம் மட்டும் தெரிந்தது.

போலீஸ் வந்து லாரிக்காரனை இழுத்துப் போனது. போகும்போது அவன் ஃபிட்டரைப் பார்த்துக் கையைக் கூப்பினான். "தப்பா நெனச்சுட்டேண்ணே. மன்னிச்சுக்க."

அண்ணன் தலையாட்டினான்.

மேனேஜரோடு ஆம்புலன்ஸில் ஏறுவதற்கு முன் அதிகாரி திரும்பி அவளிடம் சொன்னார். "பதிவு ரெண்டுன்னு போட்டிருந்துச்சே, அப்ப ஒண்ணும் இருக்கணும். ரெண்டையுமே காப்பி பண்ணி வை. நம்பர் விட்டுப்போச்சுன்னா வக்கீலுங்க நாறடிச்சிடுவாங்க."

கூடம் காலியானது. அவள் ஈரத் துணியால் விசைகளைத் துடைத்தாள். ஒன்றுமில்லாத பதிவுதானே, என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டுமே என்று முதல் பதிவைத் திறந்தாள்.

அசையாமல் நிற்கும் வீல். வெள்ளை எண்கள். வலது ஓரத்திலிருந்து ஒரு கை மெதுவாக, மிக மெதுவாக உள்ளே வந்தது. கட்டை விரலில் பழைய தழும்பு. சின்ன வயதில் அவளுக்கு மாங்காய் நறுக்கித் தரும்போது பட்ட காயம்.

கட்டை விரல் இரும்புத் தட்டின் ஓரமாகத் தடவிக்கொண்டே போய், மூன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் நின்றது. விலகியது. அந்த இடத்துக்கு ஒரு சுத்தியல் இறங்கியது. இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் சுத்தியல். கொஞ்சம் வெள்ளைத் தூள் பூப்போலக் கிளம்பி மிதந்தது. ஒரே அடி. தடுமாற்றமே இல்லை.

மைக்கில் விழுந்த சத்தம் கம்பியினுடையது அல்ல.

"பாப்பா!" வாசலில் அண்ணன். குரலில் பத்து நாளாக இல்லாத தெம்பு. "கிளம்பு, வீட்டுக்குப் போலாம். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். சந்தோஷத்துல அழறா. உதட்டுக்கு மருந்து..."

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

அண்ணன் நின்றபடியே முழுதும் பார்த்தான். தன்னுடைய கை வருவதையும், சுத்தியல் இறங்குவதையும், தூள் மிதப்பதையும்.

"நீ பட்டனே அமுக்கலியே" என்றான்.

"பட்டனே கிடையாதுண்ணா இதுக்கு" என்றாள். "பயத்துல பண்ணிட்டே. உடையாம போயிடுமோன்னு பயந்து பண்ணிட்டே. அப்படித்தானே? அப்படின்னு சொல்லிடுண்ணா."

வெளியே ஆம்புலன்ஸின் சத்தம் தேய்ந்து மறைந்தது. சரக்குக்குக் குறையில்லை என்று சொன்ன வாய் அதற்குள் கிழிந்து கிடந்தது.

அவள் படத்தைப் பின்னால் ஓட்டி, கட்டை விரல் நின்ற இடத்தில் நிறுத்தினாள். "இவ்வளவு பெரிய வீலு. எங்க அடிச்சா சரியா உடையும்னு, தேடாம கொள்ளாம ஒரே அடியில உனக்கு எப்படிண்ணா தெரிஞ்சுது?"

அண்ணன் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கும் அதே எடத்துலதான் பாப்பா அடிச்சேன்."