கைதட்டும் பெட்டி

மூன்று மாதமாக, வாரத்துக்கு மூன்று நாள், முக்கூடலிலிருந்து இரண்டு பஸ் மாறி பாளையங்கோட்டைக்கு மகளைக் கூட்டி வந்து ஆவுடைத்தாய்க்குக் கால் வீங்கிப் போயிருந்தது. மதுமதிக்கு எட்டு வயது. பேச்சு இல்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்.

அங்கிருந்த சிறப்புப் பள்ளிக்கு யாரோ தானமாகக் கொடுத்த கம்ப்யூட்டரில் பாடம். திரையில் இரண்டு படங்கள் வரும். ஜெமிமா டீச்சர் ஒன்றின் பெயரைச் சொல்வாள். பிள்ளை அந்தப் படத்தை அழுத்த வேண்டும். சரியென்றால் ஸ்பீக்கரில் ஒரு கூட்டமே கைதட்டும். தப்பென்றால் சத்தமில்லாமல் அடுத்த படங்கள் வந்துவிடும். முதல் நாள் மதுமதி ஒன்றைச் சரியாக அழுத்தியபோது ஆவுடைத்தாயும் சேர்ந்து கைதட்டினாள். அதன் பிறகு சரி என்பதே வரவில்லை.

இன்று கடைசி நாள். பத்துக்கு ஐந்து கூடச் சரியாக வராவிட்டால் இடம் வேறு பிள்ளைக்கு.

"பத்தும் தப்புக்கா," என்றாள் ஜெமிமா. "இன்னொரு தடவ பாப்போம்."

அப்போது கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, ஸ்பீக்கரின் சிவப்பு விளக்கு அணைந்தது. கம்ப்யூட்டர் மட்டும் தன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்திருவோமாக்கா?"

"ஓடுத வரைக்கும் ஓடட்டும் டீச்சர். இனி இங்கன எப்ப வரப்போறோம்?"

"ஆடு," என்றாள் ஜெமிமா.

மதுமதி ஆட்டை அழுத்தினாள்.

"குடை." குடை. "வாழைப்பழம்." வாழைப்பழம். நான்காவதும் ஐந்தாவதும் சரி.

மின்விசிறி சுழன்றது. "பானை," என்றாள் ஜெமிமா. மதுமதி பானையை அழுத்தினாள். கூட்டம் கைதட்டியது. பிள்ளை காதுகளைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிட்டாள்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள்.

"தேர்."

அவள் தேரைப் பார்த்தாள். பைய, கவனமாக, பக்கத்திலிருந்த செருப்பை அழுத்தினாள். சத்தமில்லை.

ஆவுடைத்தாய் எழுந்துபோய் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள்.

"பத்தையும் தப்பா அழுத்தணும்னா பத்தும் தெரிஞ்சிருக்கணும்லா, டீச்சர்?"

ஜெமிமா நோட்டில் மூன்று மாதப் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தாள்.

"மொதல்லருந்து வைக்கட்டாக்கா? ஒங்க ரெண்டரை மணி பஸ் போயிருமே."

"போனா போவுது. வைங்க."

சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. ஆவுடைத்தாய் பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். பத்தாவது படமும் சரியாக வந்தபோது, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அழுத்தி வைத்துக்கொண்டு சத்தம் காட்டாமல் இருந்தாள்.