லைட் டூட்டி

காக்கிநாடா பக்கம் கேஸ் எடுக்கத் தோண்டுகிற ஒரு கிணற்றில் குழாய்களுக்கு நடுவே என் வீட்டுக்காரர் செல்வினின் வலது கை நசுங்கியது மலைமேல் மூஞ்சிக்கல்லில் இருக்கிற எனக்கு நாலைந்து நாள் கழித்துத்தான் தெரியும். அதுவும் யாரும் சொல்லித் தெரியவில்லை. வீடியோ காலில் மனுஷன் இடது கையால் சோறு அள்ளிக்கொண்டிருந்தார்.

“வலது கையக் காட்டுங்க.”

“லேசான அடிதான். கட்டுப் போட்டுருக்கு.”

“காட்டுங்கன்னா காட்டுங்க!”

காட்டினார். கட்டுக்கு வெளியே விரல்கள் கறுத்து, கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தன.

உடனே டெனிசுக்குப் போன் போட்டேன். டெனிஸ் என் கூடப் பிறந்த அண்ணன். அந்தக் கிணற்றில் சப்-கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அவன்தான் சூப்பர்வைசர்.

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம என்னண்ணே பண்றே?”

“சைட் டாக்டர் பாத்துட்டாரு பாப்பா. லைட் டூட்டி குடுத்திருக்கோம். ஏசி ரூம்ல சும்மா உக்காந்திருக்கான்.”

இந்த லைட் டூட்டி என்ன கருமம் என்று அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அடிபட்டவன் மறுநாள் வேலைக்கு வராவிட்டால் அது எல்டிஐ, வேலைநாள் கெட்ட விபத்து என்று கணக்கு. வாசல் போர்டில் எழுதியிருக்கும் விபத்தில்லாத நாட்கள் பூஜ்யத்துக்குப் போய்விடும். பெரிய கம்பெனிக்காரன் சப்-கான்ட்ராக்ட் ஆட்கள் மொத்தப் பேரையும் மூட்டை கட்டச் சொல்லுவான். அதற்கு டீமொப் என்று பேர். அதே ஆளைக் காலையில் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால் அவன் வேலைக்கு வந்தவன். எல்டிஐ கிடையாது. எவன் மூளையில் உதித்ததோ, நாசமாய்ப் போக!

செல்வினிடம் கெஞ்சினேன். “கெளம்பி வாங்க. மதுரையில காட்டுவோம்.”

“நான் வந்தா எல்டிஐ ஆயிரும் அனிட்டா. நம்ம பக்கத்து ஊர் அடுக்கத்துப் பசங்க ஆறு பேரையும் அனுப்பிருவாங்க. அவங்க அம்மாமார்ட்ட நாந்தானே பேசிக் கூட்டியாந்தேன்? இந்தக் கெணறு முடியட்டும், வெரசா வந்துர்றேன்.”

“அவங்களுக்கு வேல வேணும், ஒங்களுக்குக் கை வேணாமாக்கும்?”

“கத்தாத.”

கிணறு முடிந்தது. அதன் பிறகுதான் அவரை அனுப்பினார்கள். கூட்டிவர நான் மலையிறங்கி வத்தலக்குண்டுக்குப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவர் உடம்பு அனலாய்க் கொதித்தது. மலை ஏறாமல் அப்படியே மதுரைக்குக் கொண்டுபோனேன். சீழ் எலும்பு வரைக்கும் போயிருந்தது. மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

டெனிஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கையில் குளிருக்குப் போடுகிற ஒரு புது ஜாக்கெட். விபத்தே இல்லாமல் கிணறு முடிந்ததற்குக் கம்பெனி எல்லோருக்கும் கொடுத்ததாம், செல்வினுக்கும் உண்டாம்! அதைப் பிடுங்கி அவன் மூஞ்சியிலேயே வீசினேன்.

“விபத்து இல்லன்னா இந்தக் கை எங்கண்ணே போச்சு?”

“கான்ட்ராக்ட் முடிஞ்ச பெறகு ஊர்ல வந்த காய்ச்சல் பாப்பா இது. சைட்டோட சேராது” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. பாவி, ஒரே வயிற்றில் பிறந்தவன்.

அவன் போன மறுநாள் அடுக்கத்திலிருந்து ராஜகுமாரி அக்கா வந்தார். அந்த ஆறு பேரில் ஒருத்தனின் அம்மா. பை நிறையப் பேரிக்காய் கொண்டுவந்திருந்தார். செல்வினின் கட்டைப் பார்த்து வாய்விட்டு அழுதார். நானும் சேர்ந்து அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, அக்கா கட்டிலோரம் நெருங்கி உட்கார்ந்தார்.

“தப்பா நெனைக்காதய்யா. அடுத்த கெணறு ஆரம்பிக்கிறாங்களாம். ஒன் எடம் காலியாத்தான் கெடக்காம். என் சின்ன மவனும் சோலியில்லாமத் திரியுறான்...”

“எந்திரிங்கக்கா, மொதல்ல வெளிய போங்க!” என்று எழுந்தேன்.

“அனிட்டா, உக்காரு” என்றார் செல்வின். அவருடைய இடது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. “மச்சானுக்குப் போன் போட்டுக் குடு.”

“மாட்டேன்!”

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ராஜகுமாரி அக்காவே டெனிசின் நம்பரைப் போட்டு, போனை அவர் காதில் வைத்துப் பிடித்தார்.

“மச்சான், ஒரு பையன் இருக்கான்” என்றார் செல்வின். “நல்ல பையன். எது சொன்னாலும் கேப்பான்.”