எந்த ஊர் பத்து மணி?

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ஜோசியக்காரி. வைத்தவன் அவளுடைய டீம் லீட். அவனுக்கும் ஒரு பெயர் உண்டு, டெமோ. ஆனால் அது அவன் முதுகுக்குப் பின்னால் மட்டும் புழங்கும். வாடிக்கையாளர் முன்னால் திரையைப் போட்டுக் காட்டும் அரை மணி நேரத்துக்காகவே பிறவி எடுத்தவன். மற்ற நேரமெல்லாம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடமாடுவான்.

ஜோசியக்காரி என்றதில் காரணம் இல்லாமல் இல்லை. நாள், நேரம், ஸோன் என்கிற ஊர் நேரக் கணக்கு. இதை விட்டால் அவள் வாயில் வேறு பேச்சு கிடையாது. அந்த நிறுவனம் இணையத்தில் தேர்வு நடத்தும் மென்பொருள் செய்துகொண்டிருந்தது. ஊருக்கு ஒரு தேர்வு மையம். ஒவ்வொன்றும் தன் அட்டவணையைத் தன் இஷ்டத்துக்கு எழுதி அனுப்பும். ஒருவன் தேதியை முன்னால் போடுவான், ஒருவன் மாதத்தை. ஒருவன் ‘காலை 10’ என்பான், இன்னொருவன் 10:00:00.000 என்று பூஜ்யங்களைக் கோலப்பொடி மாதிரி தூவுவான். நல்லவர்கள் சிலர் கடைசியில் +03:00 என்று சேர்த்து, தங்கள் ஊர்க் கடிகாரம் உலகப் பொது நேரத்துக்கு எத்தனை மணி முன்னே ஓடுகிறது என்றும் சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் வெறும் பத்து மணியை எறிந்துவிட்டுப் போவார்கள்.

வந்து விழும் இந்தக் குப்பையை எல்லாம் படித்து, ‘இது இன்ன கணம்’ என்று சர்வருக்குச் சொல்லும் நிரலை அவள் ஒற்றை ஆளாக ஐந்து மாதம் உட்கார்ந்து எழுதினாள். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வரி. சோதனைக்கென்று நூற்று நாற்பது கோணல் தேதிகளைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருந்தாள். அதில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்காத சட்டம் ஒன்று இருந்தது: ஸோன் இல்லாமல் நேரம் வந்தால் ஊகிக்காதே. சிவப்பில் திருப்பி அனுப்பு. ‘எந்த ஊர் பத்து மணி?’ என்று கேள்.

அந்தச் சிவப்புதான் டெமோவின் கண்ணை உறுத்தியது.

“ஏம்மா, நாளைக்கு ஆளுங்க வராங்க. திரையில இப்படி ரத்தம் கொட்டுனா எப்படிக் காட்டுறது?”

“அவங்க அனுப்புனதுல ஊர் இல்ல சார்.”

“இல்லன்னா நம்ம ஊர்னு எடுத்துக்க. வீட்டுக்கு வந்தவன் பேரு தெரியலன்னா சோறு போடாமலா விடுவ?”

“பேரு தெரியாதவனுக்குச் சோறு போடலாம் சார். பொண்ணு குடுக்க மாட்டாங்க.”

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். டெமோ சிரிக்கவில்லை. அன்று மாலையே புதிதாக ஒரு கோப்புறை திறந்தான். அவளுடைய வரிகளை அள்ளி அப்படியே அதில் ஒட்டினான். சிவப்பு வரும் இடத்தில் ஒரே ஒரு வரியை மாற்றினான்: ஸோன் இல்லையென்றால் இந்த அலுவலகத்தின் ஸோன். அந்த மாற்றத்தால் அவளுடைய சோதனைகள் இடறி விழுந்தன. நூற்று நாற்பதையும் தூக்கி எறிந்தான். மொத்தத்தையும் ஒரே தடவையில், தன் பெயரில் பதிந்தான். பழைய கோப்புறையை, அவள் பெயர் நின்ற பதிவுகளோடு, ‘சுத்தம் செய்கிறேன்’ என்று அழித்தான்.

அந்தத் தொழிலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாகப் பதிந்தவன் பெயர் நிற்கும். ஹிஸ்டரி என்பார்கள். மறுநாளிலிருந்து தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வரிக்கும் பக்கத்தில் டெமோவின் பெயர் நின்றது.

அவளுக்கு அது அப்போது தெரியாது. தெரிந்தது, ஒப்பந்த வேலையிலிருந்து நிரந்தரத்துக்கு மாற்றும் நாளில்தான். மேலாளர் ஒரு பெண்மணி, குரலை உயர்த்தியே பழக்கமில்லாதவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே திரையைத் திருப்பிக் காட்டினார்.

“ஒரு வருஷம் ஆச்சு. உன் பேர்ல ஒரு வரி கூட இல்லையேம்மா.”

“அது முழுக்க நான் எழுதினது மேடம்.”

“ஹிஸ்டரில அப்படி இல்ல. சிஸ்டத்துல என்ன இருக்கோ அதுதான் எனக்கு உண்மை. வாயால சொல்றதை வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது.”

இன்னும் ஆறு மாதம் ஒப்பந்தம். அதே மாதத்தில் டெமோவுக்குக் கண்ணாடி அறை கிடைத்தது.

அவள் குடும்பத்தில், உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான். அம்மா ஒரு பெரிய சலவைக் கூடத்தில் போர்வைகளுக்கு இஸ்திரி போடுகிறவள். எட்டு மணி நேரமும் நின்றே ஆக வேண்டும். அண்ணன் டைல்ஸ் ஒட்டுகிறவன். எட்டு மணி நேரமும் முழங்கால் போட்டே ஆக வேண்டும். ‘நம்ம குடும்பத்துல நாற்காலி பார்த்தவ நீ ஒருத்திதான்டி’ என்று அண்ணன் கேலி பண்ணுவான். அந்த நாற்காலி ஆறு மாதத்தில் போனாலும் போகும் என்று அவள் வீட்டில் சொல்லவில்லை. அம்மா ஒவ்வொரு வாரமும் கேட்டாள்: “பர்மனென்ட் ஆயிடுச்சா?” அவள் ஒவ்வொரு வாரமும் “பேப்பர் ஓடிட்டிருக்கு” என்றாள்.

அழவில்லை. அழுதால் ஆத்திரம் கரைந்துவிடும் என்று பயந்தாள். டெமோ மாற்றிய அந்த ஒரு வரியை மட்டும் தினமும் திறந்து பார்ப்பாள், புண்ணைப் பிய்த்துப் பார்ப்பதுபோல. டெமோவுக்கு ஒரு மெயில் எழுதினாள்: ‘ஸோன் இல்லாத நேரத்தை நம் ஊர் நேரமாக எடுத்துக்கொண்டால், வெளியூர் மையம் ஒன்று வருகிற அன்று தேர்வு தப்பான நேரத்தில் திறக்கும்.’ பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. கீழே, எல்லோரும் பார்க்க, ‘ஜோசியக்காரி வாக்கு’ என்று எழுதியிருந்தான்.

சரி, வாக்கு பலிக்கட்டும் என்று இருந்தாள்.

பலிக்கும் நாள் தானாக நடந்து வந்தது. சோதனைப் பிரிவில் இருந்த அக்கா ஒருநாள் புது மையத்தின் அட்டவணையைக் கொண்டுவந்து காட்டினாள். மேற்கே தொலைவிலிருக்கும் ஊர். அங்கே பத்து மணி ஆகும்போது இங்கே பன்னிரண்டரை. அட்டவணையில் வெறும் 10:00.

“ஊரே போடலடி இவங்க. இது இங்கத்திப் பத்து மணிக்கே திறந்துடுமே. கண்ணாடி ரூம்ல சொல்லிடவா?”

“நான் சொன்னேன்க்கா. எழுதியே சொன்னேன். நீ சொல்லணும்னா சொல்லு, நான் தடுக்கல.”

அக்கா சொல்லிப் பார்த்தாள். “டெமோல நல்லாதானே ஓடுச்சு?” என்று கேட்டு அனுப்பிவிட்டான். ஜோசியக்காரி இரண்டாவது தடவை வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் குழப்பம் வரும், அவன் மூஞ்சியில் கரி விழும், தேர்வு கொஞ்சம் தள்ளிப்போகும். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

தேர்வு நாள் காலை பத்தே முக்காலுக்குத் தொலைபேசி அலறியது. ஐந்து நிமிடத்தில் எல்லோரையும் கூட்ட அறைக்குள் கூப்பிட்டார்கள். நடுமேசையில் ஸ்பீக்கர். அந்தப் பக்கம் மையத்தின் கண்காணிப்பாளர், உப்புத்தாள் குரல்காரி.

“என்னங்க விளையாடுறீங்களா? இங்க மணி எட்டே கால். தேர்வு பத்துக்கு. அதுக்குள்ள நானூத்திப் பதினெட்டு பேருக்கும் ‘நீங்கள் தேர்வுக்கு வரவில்லை’ன்னு மெசேஜ் போயிருக்கு. வராதவங்கள்ல பாதிப் பேர் என் எதிர்லதான் நிக்கிறாங்க. மீதிப் பேர் பஸ்ல அழுதுட்டே வந்துட்டிருக்காங்க. ஒரு பொண்ணு பாதி வழியில இறங்கி வீட்டுக்கே போயிடுச்சாம்!”

அரை மணி நேரம் யாரும் உள்ளே வரவில்லையென்றால் ‘வரவில்லை’ என்று தானாகப் பதிந்து செய்தி அனுப்பும் பகுதியை ஜோசியக்காரி தன் கணக்கில் சேர்க்கவில்லை. பாதி வழியில் இறங்கியவளை நினைத்தாள். அவள் வீட்டிலும் நாற்காலி இருந்திருக்காது.

“அந்தப் பொண்ணு நம்பர் இருக்கா மேடம்?” ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டாள். “உடனே திரும்பி வரச் சொல்லுங்க. பத்து மணிக்குத் தேர்வு நடக்கும்.”

“நீ யாரு?”

“இங்க வேலை பாக்குறவ.”

மேலாளர் ஸ்பீக்கரின் ஒலியை அடைத்தார். “யார் எழுதினது இது?”

டெமோ இமைக்காமல் கையை நீட்டினான். “இவதான் மேடம். நாள், நேரம் எல்லாம் இவ டிபார்ட்மென்ட். ஊருக்கே தெரியும்.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் இந்த நொடிக்காக ஐந்து மாதம் ஏங்கியிருந்தாள். ஆனாலும் அவசரப்படவில்லை.

“ஹிஸ்டரி பாருங்க மேடம்.”

பெரிய திரையில் வரிகள் விழுந்தன. மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். மேலாளர் உருட்டினார், உருட்டிக்கொண்டே போனார். முந்நூறு. அறுநூறு. தொள்ளாயிரம். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அவன்.

“என் பேர்ல ஒரு வரி கூட இல்லையே மேடம். முழுக்க சார் எழுதினது. சிஸ்டத்துல என்ன இருக்கோ அதுதானே உங்களுக்கு உண்மை?”

டெமோ சட்டைக் கையை மடித்தான், இறக்கினான். அவள் எழுதியது என்றால் திருடியதை ஒப்புக்கொள்ள வேண்டும். தான் எழுதியது என்றால் நானூற்றுப் பதினெட்டும் தன் தலையில். பொறியில் அகப்பட்ட எலிக்காவது கத்த முடியும்.

“சரி பண்ணுங்க,” என்றார் மேலாளர் அவனிடம்.

மடிக்கணினியைத் திறந்தான். அந்தத் தொள்ளாயிரம் வரியில் தான் மாற்றிய ஒன்றைத் தவிர வேறெதையும் அவன் படித்ததில்லை என்பது இரண்டு நிமிடத்தில் அறைக்கே தெரிந்தது. கடைசியில் எல்லா நேரத்தோடும் இரண்டரை மணியைக் கூட்டிவிட்டு, “முடிஞ்சது” என்றான்.

சோதனை அக்கா தன் திரையைப் பார்த்தாள். “சார், ஒரு மையம் சரியாச்சு. மத்த நாலும் தப்பாயிடுச்சு.”

யாரோ மூக்கால் சிரித்தார்கள். போட்டதை அவனே திரும்ப எடுத்தான். மணி பதினொன்று முப்பத்தைந்து.

மேலாளர் அவள் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. “உன்னால முடியுமாம்மா?”

“கால் மணி நேர வேலை. ஆனா அடுத்தவங்க சொத்துல நான் கை வைக்கக் கூடாதுல்ல? சார் முதல்ல சொல்லட்டும்.”

“என்ன சொல்லணும்?”

“அந்தக் கண்காணிப்பாளர் மேடம்கிட்ட. ஸ்பீக்கர்ல. இதை எழுதினது யாரு, கெடுத்தது யாருன்னு.”

“இப்ப இதுக்கு நேரமா?” என்று சீறினான் டெமோ. “அங்க பசங்க நிக்கிறாங்க, நீ வஞ்சம் தீர்த்துட்டிருக்க!”

“ஆமா சார். தீர்க்கத்தான் போறேன். எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு சீக்கிரம் அவங்க உள்ள போவாங்க.”

பன்னிரண்டு மணி வரை அவன் வாயைத் திறக்காவிட்டாலும் அவள் உட்கார்ந்து சரிசெய்துவிடத்தான் போகிறாள். அது அவளுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. அவ்வளவு போதும்.

மேலாளர் ஒலியைத் திறந்துவிட்டார். டெமோ தொண்டையைச் செருமினான்.

“மேடம், ஒரு சின்ன தொழில்நுட்பக் கோளாறு…”

“கோளாறு மரத்துல காய்க்குமா? யார் பண்ணினது?” என்றது உப்புத்தாள் குரல். ஜோசியக்காரி கேட்க நினைத்ததை அந்த அம்மாளே கேட்டுவிட்டாள்.

“நான்தான்.”

“சத்தமா சொல்லுங்க. இங்க பிள்ளைங்க பெத்தவங்க எல்லாம் நிக்கிறாங்க.”

“நான்தான் மாத்தினேன். எழுதினது… இந்தப் பொண்ணு. அவ சரியாத்தான் எழுதியிருந்தா. நான் ஒரு வரியை மாத்தி, என் பேர்ல போட்டுக்கிட்டேன்.”

“வெக்கமா இல்ல?” என்றது குரல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புவதுபோல.

ஜோசியக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் வரியைத் தூக்கினாள். ஒவ்வொரு மையத்துக்கும் அதன் ஊரைக் கட்டாயமாக்கினாள்; ஊர் சொல்லாத நேரம் இனி வாசலைத் தாண்டாது. புது மையத்துக்கு அதன் ஊரைக் கொடுத்து அட்டவணையை மறுபடி படிக்க வைத்தாள். 10:00 என்ற அதே ஐந்து எழுத்து, இந்தத் தடவை பன்னிரண்டரையில் போய் உட்கார்ந்தது. ‘வரவில்லை’ நானூற்றுப் பதினெட்டையும் அழித்துத் திருத்தச் செய்தி அனுப்பினாள். அக்கா ஐந்து மையங்களையும் பார்த்து “எல்லாம் சரி” என்றபோது மணி பன்னிரண்டு ஏழு. பன்னிரண்டரைக்கு நானூற்றுப் பதினேழு பேர் உள்ளே போனார்கள். பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு, பாதி வழியில் இறங்கியவளும்.

டெமோ தன் கண்ணாடி அறைக்குள் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டான். மேலாளர் அவள் தோளைத் தட்டினார். “அடுத்த வாரம் உன் பர்மனென்ட் லெட்டரைப் பார்க்கலாம்.”

“வாயால சொல்றதை நானும் வாங்கிக்க மாட்டேன் மேடம். இப்பவே அடிச்சுக் குடுங்க. நிக்கிறேன்.”

நின்றாள். கையெழுத்தின் மை காயும் வரை நின்றாள். அதே மூச்சில், ஹிஸ்டரியில் அவன் பெயர் இருக்கும் இடமெல்லாம் திருத்தி எழுத இன்னொரு கடிதமும், அவன் முன்பு காட்டிய மற்ற டெமோக்களில் யார் யாருடைய வேலை இருக்கிறது என்று விசாரிக்க மூன்றாவது கடிதமும் கேட்டாள். மேலாளர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் நகரவில்லை. மூன்றும் அச்சாகி வந்தன.

மாடிப்படியில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டாள். பின்னால் நீராவி சீறும் சத்தம் கேட்டது.

“பர்மனென்ட் ஆயிடுச்சும்மா.”

“அய்யோ, நெசமாவா! யார் காலைப் பிடிச்சடி?”

“காலை இல்லம்மா. கழுத்தை.”

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

“சரி, விட்டுட்டியா?”

கையிலிருந்த மூன்றாவது கடிதத்தை அவள் இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள்.

“இன்னும் இல்ல,” என்றாள்.