மூன்றாவது தண்டவாளம்

தம்பானூரில் ரயில்வே கான்ட்ராக்டரின் மாடி ஆபீஸில் விசாரணை பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒரு மனிதன் செத்ததற்கு அவ்வளவு நேரம் தாராளம் என்று நினைத்தார்களோ என்னவோ.

"மேலே கரண்ட் உண்டுன்னு வீரபாண்டிக்குத் தெரியுமில்லே?" என்று கேட்டார் சூப்பர்வைசர் ஜெயன்.

"தெரியும் சார்," என்றான் கோமதிநாயகம்.

'இறந்தவரின் கவனக்குறைவு' என்று ஜெயன் எழுதிக்கொண்டார். இறந்த வீரபாண்டி கோமதிநாயகத்தின் தங்கை பொன்செல்வியின் புருஷன். அவன் மேல் தப்பில்லை என்று சொல்ல உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு. அந்த ஆள் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டான். வெட்கமோ பயமோகூட வரவில்லை. எட்டு நாளாக அவனுக்கு எதுவுமே வருவதில்லை.

ரயிலுக்கு மின்சாரம் கொடுப்பதில் நாட்டுக்கு நாடு ஒரு வழக்கம். சுவிட்சர்லாந்தில் தலைக்கு மேல் கம்பி. லண்டன் சுரங்க ரயிலுக்கும் துபாய் மெட்ரோவுக்கும் தரையிலேயே, ரயில் ஓடும் தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக இன்னொன்று. அதைத் தொட்டால் ஆள் காலி. துபாய் மெட்ரோ வேலையில் ஒன்பது வருஷம் காலடியைப் பார்த்தே பிழைத்தவன் கோமதிநாயகம். திரும்பி வந்து இங்கே ரயில் யார்டில் மேஸ்திரியானான். இங்கே தலைக்கு மேல் இருபத்தைந்தாயிரம் வோல்ட் ஓடுவது அவன் புத்திக்குத் தெரியும். நாக்குக்குத்தான் தெரியவில்லை.

எட்டு நாளுக்கு முன்பு யார்டில் வீரபாண்டி அலுமினிய ஏணியை நட்டக்குத்தலாகத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினான்.

"மாப்ள, கீழ பாரும்! கீழ பாத்து வாரும்!" என்று கத்தினான் கோமதிநாயகம்.

வீரபாண்டி சொன்னபடியே கீழே பார்த்துக்கொண்டு வந்தான். ஏணி கம்பியில் பட்டது.

விசாரணை முடிந்து இறங்கியபோது கீழே வாசலில் பொன்செல்வி காத்திருந்தாள்.

"என்னண்ணே எழுதுனாவ?"

"மாப்ள கவனமில்லாம போயிட்டாருன்னு."

"நீ கூட இருந்தும் எப்படிண்ணே? நீ சொன்னா அவிய தட்ட மாட்டாவளே. நீ ஒண்ணும் சொல்லலியா?"

ஆட்டோக்காரர் ஒருவர் எங்கே போகணும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

"சொன்னேன். கீழ பாத்து வாரும்னு நாந்தாம்மா சொன்னேன். துபாய் பழக்கத்துல."

அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"மேல போ. அவிய கவனமாத்தான் நடந்தாவ, எங்க அண்ணன் சொன்னதக் கேட்டு நடந்தாவன்னு எழுதச் சொல்லு."