பத்தொன்பதாம் சேனலில் இரண்டு டக்

அமெரிக்காவின் வயோமிங்கில், எண்பதாம் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டும் வெர்னாவுக்கு அன்று கடைசி ஓட்டம். நாளை முதல் வீடு, நாய், முட்டிவலி. அது கிடக்கட்டும். தகரடப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகவேண்டியிருக்கிறதே என்பதுதான் அவள் நெஞ்சை அறுத்தது.

தகரடப்பா என்பது லாரிக்கு லாரி பேசிக்கொள்ளும் ரேடியோவில் அவன் பெயர். இவள் பெயர் மிளகாய். லாரிக்காரர்கள் அதில் சொந்தப் பெயரைச் சொல்வதுமில்லை, கேட்பதுமில்லை. அவன் மேற்கே போவான், இவள் கிழக்கே வருவாள். எல்க் மலையடியில் லாரிகள் நெருங்கும்போது அவன் குரல் கரகரவென்று வரும். கொஞ்ச நேரத்தில் தேய்ந்து மறையும். எத்தனையோ வருஷம் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே அவள் அந்தச் சாலையை ஓட்டினாள். முகம் பார்த்ததே இல்லை.

அப்போதெல்லாம் அந்த ரேடியோவின் பத்தொன்பதாம் சேனல் ஒரு சந்தைக்கடை. போலீஸ் எங்கே பதுங்கியிருக்கிறது, பனி எங்கே வழுக்குகிறது, யார் பெண்டாட்டி யாரோடு போனாள், எல்லாம் அதில் வரும். இப்போது எல்லாவற்றையும் போன் சொல்லிவிடுகிறது. லாரிகள் ஊமையாக ஓடுகின்றன.

ஒரு வருஷமாகத் தகரடப்பாவும் இல்லை. அவள் கூப்பிடாத நாளில்லை. பதிலுக்கு எவனோ மைக் பொத்தானை அமுக்கி ‘டக் டக்’ என்பான். ‘கேட்டுச்சு’ என்பதற்கு அது பழைய சைகை. கேட்டுவிட்டு வாய் திறக்காத திமிரை நினைத்தால் வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வாயில என்னடா கொழுக்கட்டையா? ஒரு மனுஷன தேடிக்கிட்டிருக்கேன், நீ சொடுக்கிட்டு வெளையாடுற!" என்று கிழித்துத் தொங்கவிடுவாள். மிளகாய் என்று சும்மா பெயர் வைக்கவில்லை.

ராலின்ஸ் ஊர்ச் சாப்பாட்டுக்கடையில் நிறுத்தினாள். காபி ஊற்ற வந்த டார்லாவிடம் தகரடப்பாவைப் பற்றி முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டாள்.

"இன்னும் அந்த ரேடியோவ வச்சு மாரடிக்கிறியா? பேரு இல்லாம ஆளத் தேடினா நான் எங்கடி போவேன்?"

"பேரு கேக்கறது மொறையில்லடி. குரலு தகரம் மாதிரி இருக்கும். எல்க் மலைக் காத்த மாமியார்னுதான் சொல்லுவான். ‘மாமியார் இன்னிக்கு கோவமா இருக்கா’ம்பான்."

டார்லா காபிக் குடுவையை மேசையில் வைத்தாள். "மாமியாரா? அடிப்பாவி, அது நம்ம ஆர்வில்! இந்த நாற்காலியிலதான உக்காந்து திம்பான்."

"இருக்கானா?"

"இருக்கான். தொண்டையில புத்துநோய். குரல்வளையவே எடுத்துட்டாங்க. ஆர்லிங்டன் எறக்கத்துல வீடு, கூரைமேல பெரிய ரேடியோக் கம்பி நிக்கும். நாள் பூரா ரேடியோ முன்னாடிதான் உக்காந்திருக்கானாம்."

குரல் இல்லாதவன் ‘டக் டக்’ என்றுதானே சொல்லமுடியும் என்று வெர்னாவுக்கு உறைத்தது. ஒரு வருஷமாக யாரைத் தேடினாளோ அவனையேதான் திட்டியிருக்கிறாள்.

எல்க் மலை தெரிந்ததும் மைக்கை எடுத்தாள்.

"தகரடப்பா, நான் மிளகாய். நீதானா?"

டக் டக்.

"நாயின்னேன், பேயின்னேன். மன்னிச்சுக்கடா."

டக் டக்.

"உடனே மன்னிச்சிட்டியாக்கும்? கொஞ்சமாவது முறுக்கிக்கக் கூடாது?" அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "இன்னிக்கு எனக்குக் கடைசி ஓட்டம். என் பேரு வெர்னா. காபி இருந்தா வரேன்."

ஒன்றும் வரவில்லை. இரைச்சல் மட்டும். பேரைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று பதறினாள். இருந்தாலும் ஆர்லிங்டனில் லாரியை நெடுஞ்சாலையிலிருந்து இறக்கினாள். லாரமியில் சரக்குக்குக் காத்திருப்பவன் கத்தினால் கத்தட்டும்.

கம்பி நின்ற வீட்டு வாசலில் ஒரு குண்டு மனிதர், தொண்டையைச் சுற்றித் துணியோடு, காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒல்லியாகத்தான் இருப்பான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

அவள் கதவைத் திறப்பதற்குள் அவர் ஓடிவந்து, லாரிக் கதவில் விரல் முட்டியால் தட்டினார்.

டக் டக்.